தொடக்கச் சரிவா, தொடக்கத் தணிவா? சிறுநீரக மருந்துக் கையேட்டுக்கு ஒரு சொல்

க.

அனைவருக்கும் வணக்கம். நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒரு மருந்துக் கையேடு தமிழில் தயாராகிறது. சொற்களில் பெரும்பாலானவை முடிவாகிவிட்டன. ஒரே ஒரு சொல் மட்டும் இடிக்கிறது.

டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. அல்லது எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. தொடங்கிய முதல் சில வாரங்களில் வடிகட்டல் வீதம் (பரிசோதனைச் சீட்டில் இஜிஎஃப்ஆர் என்று வருவது; நிமிடத்துக்கு எத்தனை மி.லி. என்ற அலகில்) சராசரியாக 3 முதல் 5 அலகு வரை இறங்குகிறது. அதன்பின் ஏறக்குறைய அங்கேயே நின்று, மருந்து சாப்பிடாதவர்களைவிட மெதுவாக இறங்குகிறது. மாத்திரையை நிறுத்தினால் அந்த முதல் இறக்கம் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆங்கில நூல்கள் இதை 'இனிஷியல் டிப்' என்கின்றன.

வரைவில் 'தொடக்கச் சரிவு' என்று இருக்கிறது. அதே கையேட்டின் அடுத்த பக்கத்தில், நோயால் ஆண்டுதோறும் வடிகட்டல் வீதம் குறைந்துகொண்டே போவதற்கும் 'சரிவு' என்றே எழுதியிருக்கிறோம். படிப்பவர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார். காப்பாற்ற வந்த மருந்தே கெடுத்துவிட்டது என்று பொருளாகிவிடும்.

மாற்றுகள்: தாழ்வு, இறக்கம், சறுக்கல், அமிழ்வு. எதுவும் நிறைவாக இல்லை.

ம.வே.

'அமிழ்வு' வேண்டவே வேண்டாம். ஆங்கிலச் சொல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் இருக்கிறது. 'சறுக்கல்' என்றால் யாரோ தவறு செய்திருக்கிறார் என்று ஆகும். 'தாழ்வு' என்றதும் ஐப்பசி கார்த்திகையில் வானொலி சொல்லும் காற்றழுத்தத் தாழ்வுதான் நினைவுக்கு வருகிறது; அடுத்து மண்டலம், புயல் என்று மனம் போய்விடும். 'இறக்கம்' பரவாயில்லை. ஆனால் வெறும் திசையைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் சொல்லில் தெரிந்தால் நல்லது. மருத்துவர்கள் யாராவது அதை எளிதாக விளக்க முடியுமா?

சி. (சிறுநீரக மருத்துவம்)

முயல்கிறேன்.

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகின்றன. வடிநீரோடு வெளியேறும் குளுக்கோஸில் சுமார் 90 சதவீதத்தை அண்மைச் சுருள் நுண்குழலில் உள்ள சோடியம்-குளுக்கோஸ் இணைகடத்தி-2 இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. கூடவே சோடியமும் திரும்புகிறது. நீரிழிவில் குளுக்கோஸ் மிகுதி என்பதால் இந்த மீட்பும் மிகுதி. அதனால் குழலின் பிற்பகுதியில் இருக்கும் மாக்குலா டென்சா என்ற உணர்வுத் திட்டுக்குச் சோடியம் குறைவாகவே போய்ச்சேர்கிறது. அது 'வடிகட்டல் போதவில்லை' என்று தவறாகக் கணக்கிட்டு உட்செல் நுண்தமனியைத் திறந்துவிடுகிறது. கிளாமருலஸ் என்ற நுண்வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. வடிகட்டல் வீதம் உயர்ந்து, சீட்டில் பார்க்க நன்றாகக்கூட இருக்கும். உள்ளே சல்லடை கிழிந்துகொண்டிருக்கும், அல்புமின் என்ற புரதம் கசியும்.

டாபாகிளிஃப்ளோசின் போன்ற கிளிஃப்ளோசின் மாத்திரை அந்த மீட்பைத் தடுக்கிறது. மாக்குலா டென்சாவுக்குச் சோடியம் வந்துசேர, உட்செல் நுண்தமனி சுருங்குகிறது. டெல்மிசார்டான், லொசார்டான், எனலாப்ரில் வகை இரத்த அழுத்த மருந்துகள் மறுபக்கத்தில் வெளிச்செல் நுண்தமனியைத் தளர்த்துகின்றன. வழி வேறு, விளைவு ஒன்று: உள்ளழுத்தம் குறைகிறது, மிகையாக நடந்த வடிகட்டல் அடங்குகிறது. திசு அழிவதால் வரும் குறைவு அல்ல இது.

எண்களைப் பார்த்தால் தெளிவாகும். 2019இல் வெளியான கிரெடென்ஸ் ஆய்வில் 4401 பேர். எல்லோரும் முன்பே எனலாப்ரில் அல்லது லொசார்டான் வகை மருந்தில் இருந்தவர்கள். முதல் மூன்று வாரங்களில் கனாகிளிஃப்ளோசின் குழுவில் 3.72 அலகு இறக்கம், வெற்று மாத்திரைக் குழுவில் 0.55. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 1.85, எதிர்க்குழுவில் 4.59. கழித்துப் பாருங்கள்: முதலில் இழந்த 3.17 அலகை ஆண்டுக்கு 2.74 வீதம் ஈடுகட்ட ஏறக்குறைய 14 மாதம். அதன்பிறகு எல்லாம் ஆதாயம்தான். 2020இல் வந்த டாபா-சிகேடி என்ற டாபாகிளிஃப்ளோசின் ஆய்விலும் இதே வடிவம்: முதல் இரண்டு வாரத்தில் 3.97, பிறகு ஆண்டுக்கு 1.67, எதிர்க்குழுவில் 0.82, பிறகு 3.59.

ஆகவே சொல்லில் வரவேண்டியது அழுத்தம் குறைவது. கீழே விழுவது அல்ல.

ம.வே.

நன்றி டாக்டர். அப்படியானால் 'தணிவு'.

காய்ச்சல் தணிகிறது, வெள்ளம் தணிகிறது, சினம் தணிகிறது. மிகையாக இருந்தது இயல்புக்கு வருவதைத்தான் தமிழில் 'தணி' என்கிறோம். முருகன் செரு (போர்) முடித்துச் சினம் தணிந்த இடம் என்றுதான் செருத்தணி, திருத்தணி ஆனது என்பார்கள். இயல்பாக இருப்பது எதுவும் தணியாது, ஏறியிருந்ததுதான் தணியும். நீங்கள் சொன்ன 'மிகை வடிகட்டல் அடங்குவது' இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

தொடக்கத் தணிவு. பரிந்துரைக்கிறேன்.

யா.

வணக்கம். 'தணிவு' எங்கள் பக்கத்திலும் உடனே விளங்கும். அதற்கு என் ஆதரவு உண்டு.

மற்றச் சொற்களையும் ஒருமுறை பாருங்கள். இலங்கைப் பாடநூல்களில் கிளாமருலஸ் 'கலன்கோளம்', நெஃப்ரான் 'சிறுநீரகத்தி'. தடுப்பான் என்று நீங்கள் எழுதுவது இங்கே 'நிரோதி'. நோயாளருக்கான கையேட்டில் இவை எதுவுமே தேவையில்லை என்பது என் எண்ணம், 'வடிகட்டி' போதும். மாத்திரை என்றால் விளங்கும், ஆனால் வழக்கு 'குளிசை'. மருந்து வகைக்கு இணைகடத்தித் தடுப்பான் என்று நீட்டாமல், பெயரின் கடைசிப் பகுதியை வைத்துக் 'கிளிஃப்ளோசின்' என்றே விடுவது நல்லது. பெட்டியில் அதைத்தான் வாசிக்கப் போகிறார்கள்.

ஒரு ஐயம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரோ பாலோ மட்டும் எடுத்து நோன்பிருப்போர் யாழ்ப்பாணத்தில் பலர். அப்போது இந்தக் குளிசையோடு கிரியாட்டினின் (வடிகட்டல் குறைந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள்) ஏறினால் அதுவும் தணிவா?

ப. (மருந்தாளுநர்)

அது தணிவு இல்லை. அங்கேதான் இந்தச் சொல்லின் ஆபத்தும் இருக்கிறது.

பட்டினி, வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் ஆகிய நாட்களில் உடலில் நீர் வற்றும். கிளிஃப்ளோசின் சிறுநீரில் சர்க்கரையையும் நீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதோடு டெல்மிசார்டானும், சிறுநீரைப் பெருக்கும் நீரிறக்கி மாத்திரையும், மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் வடிகட்டல் ஒரேயடியாகக் குறையும். டைக்ளோஃபெனாக் வகை செய்வது: உட்செல் நுண்தமனியைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டினை நிறுத்திவிடும். ஒரு பக்கம் வாசல் இறுகி, மறுபக்கம் வாசல் தளர்ந்தால் உள்ளழுத்தம் தணிவதோடு நிற்காது, இல்லாமலே போகும்.

இன்னொன்று கீட்டோன் அமில மிகை, அதாவது இரத்தத்தில் கீட்டோன் அமிலம் தேங்குவது. சாப்பாடு இல்லாதபோது கிளிஃப்ளோசின் இருந்தால் இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இது வரலாம். குளுக்கோமீட்டரில் 180 காட்டுகிறது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். குமட்டல், வயிற்றுவலி, வேகமான மூச்சு இருந்தால் கீட்டோன் பார்த்தே ஆகவேண்டும்.

எனவே நோன்பு நாட்களில் மருத்துவரைக் கேட்டுக் கிளிஃப்ளோசினை நிறுத்திவைக்க வேண்டும். நோய்ப்பட்ட நாட்களிலும் அப்படியே; வழக்கம்போல் உண்டு குடித்து ஓரிரு நாள் ஆனபின் மீண்டும் தொடங்கலாம். பெரிய அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இளநீர் நோன்பு இந்த நோயாளிகளுக்கு இரட்டைத் தொல்லை: இளநீரில் பொட்டாசியம் அதிகம், டெல்மிசார்டானும், ஃபினெரினோன் என்ற இன்னொரு சிறுநீரகக் காப்பு மருந்தும் பொட்டாசியத்தைத் தேக்கும்.

இப்போது சொல்லைப் பற்றி. நோயாளி கையில் இருக்கும் சீட்டில் தணிவது எதுவும் இல்லை. அவர் முதலில் பார்ப்பது கிரியாட்டினின். அது ஏறியிருக்கும், பக்கத்தில் 'அதிகம்' என்று தடித்த எழுத்தும் இருக்கும். 'தணிவு' என்று கையேடு சொல்ல, சீட்டு ஏற்றத்தைக் காட்டினால் குழப்பம்தான். இரண்டையும் ஒரே வரியில் கட்ட வேண்டும்.

போதாததற்கு 'உப்பு'. கிரியாட்டினின் ஏறினால் 'உப்பு ஏறிடுச்சு' என்பார்கள், சிறுநீரில் அல்புமின் போனாலும் 'உப்பு போகுது' என்பார்கள், சமையல் உப்பும் உப்பு. கையேட்டில் உப்பு என்பது சமையல் உப்புக்கு மட்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சி.

ப. அவர்கள் சொன்ன எல்லையை எண்ணால் வரைய வேண்டும். தொடங்கி நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினின் ஏற்றம் 30 சதவீதம் வரை பொறுக்கலாம். எனலாப்ரில், லொசார்டான் வகைகளுக்கு வகுத்த எல்லை இது. அவற்றைத் தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ 2 முதல் 4 வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிளிஃப்ளோசினுக்கு எல்லோரிடமும் அப்படிப் பார்த்தாக வேண்டியதில்லை. வயதானவர், நீரிறக்கி எடுப்பவர், வடிகட்டல் வீதம் முன்பே குறைந்தவர் ஆகியோரிடம் பார்ப்பது நல்லது. பார்த்தால் இதே எல்லையை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு. 58 வயது ஆண், கிரியாட்டினின் 1.6. 2021ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி வடிகட்டல் வீதம் 50. மூன்று வாரம் கழித்து கிரியாட்டினின் 1.8, வீதம் 43. ஏழு அலகு போய்விட்டது என்று பதறுவார்கள். கிரியாட்டினின் ஏற்றமோ 12.5 சதவீதம்தான். 30 சதவீத எல்லை அவருக்கு 2.08, அப்போது வீதம் 36.

இங்கே பலர் தடுமாறுவது: கிரியாட்டினின் 30 சதவீதம் ஏறினால் வீதம் 30 சதவீதம் குறைவதில்லை, 27 சதவீதம்தான் குறையும். வீதம் 30 சதவீதம் குறைய கிரியாட்டினின் 35 சதவீதம் ஏற வேண்டும். கையேட்டில் எந்த எண்ணுக்கு எல்லை என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள். நான் கிரியாட்டினினைத்தான் சொல்வேன், சீட்டில் முதலில் அதுதான் வருகிறது.

எல்லை தாண்டினால்கூட முதல் வேலை மாத்திரையைத் தூக்கி எறிவது அல்ல. நீர் வற்றியிருக்கிறதா, வலிமாத்திரை உண்டா, நீரிறக்கியின் அளவு கூடுதலா, சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. கிளிஃப்ளோசின் தொடங்கும்போதே நீரிறக்கியைக் குறைத்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. எனலாப்ரிலையும் லொசார்டானையும் சேர்த்தே கொடுத்து அழுத்தத்தை மேலும் குறைக்கலாமே என்ற எண்ணமும் ஒருகாலத்தில் இருந்தது. லொசார்டானோடு எனலாப்ரில் வகையான லிசினோப்ரிலைச் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, பொட்டாசிய மிகையும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது. தணிவுக்கும் அளவு உண்டு.

க.

இதுவரை வந்ததை வைத்து மூன்று சொற்களைப் பிரிக்கிறேன்.

தணிவு: மருந்தால் உள்ளழுத்தம் குறைந்து, முதல் வாரங்களில் வருவது, ஓரளவோடு நிற்பது.
சரிவு: நோயால் ஆண்டுக்கணக்கில் தொடர்வது.
வீழ்ச்சி: நாட்களில் திடீரென வருவது, 30 சதவீத எல்லையைத் தாண்டுவது.

'சரிவு வீதம்' என்பதற்குக் கணக்குப் பாடத்தின் 'சாய்வு' வேண்டுமா என்று ஒரு தனிமடல் வந்தது. வேண்டாம். 'ஆண்டுக்கு எத்தனை அலகு சரிவு' என்றாலே தெளிவு.

ம.வே.

பிரிவு நன்று. ஒரு கேள்வி மட்டும். 'தணிவு' என்று பெயர் சூட்டிவிட்டால் எந்த ஏற்றத்தையும் தணிவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க வழியாகாதா? பெயர் இதமாக இருக்கிறது என்பதே எனக்கு இப்போது உறுத்துகிறது, முன்மொழிந்தவன் நானாக இருந்தும்.

சி.

ஆகும். அதனால் தனியாக 'தணிவு' என்று எங்கும் எழுத வேண்டாம். 'தொடக்கத் தணிவு' என்றே வரட்டும். மாத்திரை தொடங்கி ஆறு மாதம் கழித்துக் கிரியாட்டினின் ஏறினால் அது தொடக்கம் இல்லை. அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. சொல்லே காலத்தைக் கட்டிவிடுகிறது. துணைச் சான்று ஒன்றும் உண்டு: கிரியாட்டினின் சற்று ஏறும் அதே வேளையில் சிறுநீர் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் இறங்கினால், அழுத்தம் குறைந்திருக்கிறது என்று நம்பலாம். இரண்டும் ஏறினால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஃபினெரினோன் பக்கத்திலும் இதே சொல் பொருந்தும். அதற்குக் கூடுதலாகப் பொட்டாசியம்: 5.0க்கு மேல் இருந்தால் தொடங்குவதில்லை, நான்காம் வாரம் மறுபடி பார்ப்பது, 5.5ஐத் தாண்டினால் நிறுத்திவைப்பது. வீதம் 25 முதல் 60க்குள் என்றால் தொடக்க அளவு 10 மி.கி., 60 அல்லது அதற்கு மேல் 20 மி.கி. 'குறைந்த சோடியம் உப்பு' என்று விற்பதில் பல பொட்டாசியம் குளோரைடு கலந்தவை. அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

க.

கையேட்டு வரிகள் இப்படி:

"கிளிஃப்ளோசின் மாத்திரை தொடங்கிய முதல் மாதத்தில் கிரியாட்டினின் சற்று ஏறலாம், வடிகட்டல் வீதம் சற்று இறங்கலாம். வடிகட்டியின் உள்ளழுத்தம் தணிவதால் இப்படி ஆகிறது. இதற்குத் தொடக்கத் தணிவு என்று பெயர். கிரியாட்டினின் கீழே எழுதியுள்ள எல்லைக்குள் இருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லையைத் தாண்டினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, நோன்பு இருந்தாலோ உடனே மருத்துவரைக் கேளுங்கள். வலிமாத்திரையைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

தொடங்கிய நாள் கிரியாட்டினின்: ........ உங்கள் எல்லை: ........"

ப.

எல்லைக் கட்டத்தை நோயாளியிடம் விடாதீர்கள். மாத்திரை கொடுக்கும்போதே மருந்தாளுநர் 1.3 ஆல் பெருக்கி நிரப்ப வேண்டும். தொடக்கச் சீட்டும் மறுசீட்டும் ஒரே ஆய்வகத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். 1.1க்கும் 1.2க்கும் உள்ள வேறுபாடு இரண்டு ஆய்வகங்களின் வேறுபாடாகவே இருந்துவிடலாம்.

யா.

எங்கள் பதிப்பில் 'மாத்திரை' இருக்கும் இடமெல்லாம் 'குளிசை' என்று மாற்றுகிறேன், 'தொடக்கத் தணிவு' அப்படியே. சில ஆய்வகங்கள் கிரியாட்டினினை மைக்ரோமோலில் தருவதால் அடிக்குறிப்பாக: மி.கி. எண்ணை 88.4 ஆல் பெருக்குக. டாக்டர் காட்டிய 1.6 அப்போது 141, எல்லை 184.