அம்மாவின் தைராய்டு மாத்திரையை இரவில் போடலாமா?

வணக்கம், அம்மாவுக்கு 58 வயது. தைராய்டு சுரப்பு குறைவு என்று போன வருடம்தான் தெரிந்தது. அதற்கு முன் ஆறு மாதமாக ஓயாத அசதி, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி, சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார், வயசாகிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம், அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

தைராக்சின் 75 மைக்ரோகிராம் தினமும் போடுகிறார், ஆனாலும் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) இறங்காமல் 14-லேயே நிற்கிறது. விசாரித்தால், மாத்திரை போட்ட கையோடு காபி, டிபன் முடிந்ததும் கால்சியம் மாத்திரை! கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராக்சினை உடம்பில் சேரவிடாதாம், நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்றார் டாக்டர். அளவைக் கூட்டாமல் ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

கால்சியத்தை மதியத்துக்கு மாற்றிவிட்டோம். சரி, காபிக்கு என்ன செய்வது? நாலரை மணிக்கு எழுந்து டிகாக்‌ஷன் இறக்குகிறவரை ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் பாவமாக இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்தும் போடலாம் என்கிறார்கள். அப்படிப் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டி.எஸ்.எச். இறங்கியதா, தூக்கம் கெட்டதா? டாக்டரைக் கேட்டுத்தான் மாற்றுவோம், அதற்கு முன் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.