பி.ஏ. தமிழ் படித்தவள் முதுகலைக்குத் தொல்லியல் போக முடியுமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து கீழடி பஸ்ஸில் அரை மணி நேரம்தான். 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து நாலைந்து தடவை போய்விட்டேன், ஒவ்வொரு தடவையும் எழுத்துக் கீறிய பானை ஓடுகள் பக்கத்திலேயே நின்றுவிடுகிறேன். முதுகலை தொல்லியல் படிக்க வேண்டும் என்று இருக்கிறது. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். எனக்கு வரலாறு துணைப்பாடமாகக்கூட இல்லை, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்க அரை மணி நேரம் ஆகிறது. தமிழ் படித்தவளை எடுப்பார்களா, எடுத்தாலும் சமாளிக்க முடியுமா?

மைப்படி:
தங்கச்சி, நானும் பி.ஏ. தமிழிலிருந்து இந்தப் பக்கம் வந்தவள்தான். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் தனித் துறையே இருக்கிறது, முதலில் அங்கே விசாரி. புனே டெக்கான் கல்லூரியிலும் தொல்லியல் முதுகலை உண்டு, ஆனால் பாடம் முழுக்க ஆங்கிலம். எங்கே விண்ணப்பித்தாலும் எந்தப் பட்டம் படித்தவர்களை எடுப்பார்கள் என்ற வரியை அந்த வருடத்து அறிவிப்பிலேயே பார்த்துக்கொள், போன வருடம் சேர்ந்தவர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதே.

தமிழ் படித்ததைக் குறையாக நினைக்காதே. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்துள்ள நடுகற்களைக் (இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள்) கண்டுபிடித்தது தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு. அதில் ஒரு கல்லில் 'ஆகோள்' என்று இருக்கிறது. வெட்சித்திணை படித்த உனக்கு அது ஆநிரை கவர்வது என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா? தொல்காப்பியப் புறத்திணையியலில் நீ மனப்பாடம் செய்த அதே சொல் கல்லில் நிற்கிறது. வகுப்பில் அந்த இடம் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கஷ்டம் வேறு இடத்தில் வரும். அகழாய்வுக் குழிக்குள் இறங்கினால் மண்ணின் நிறத்தையும் இறுக்கத்தையும் வைத்து ஓர் அடுக்கு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க வேண்டும், எனக்கு முதல் இரண்டு வாரம் எல்லாமே ஒரே மண்ணாகத்தான் தெரிந்தது. உடைந்த வாய்விளிம்பை வைத்து முழுப் பானையை அளவோடு வரைய வேண்டும். இதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். ஆங்கிலத்துக்கு, ஒரே ஓர் அகழாய்வு அறிக்கையை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசி. இந்தத் துறையில் அதே சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும், மூன்றாவது வாசிப்பில் அகராதியை மூடிவிடலாம்.

நெல்லைச்சீமை:
அக்கா சொன்னது சரி, ஆனால் வேலை விஷயத்தையும் பேச வேண்டும். முதுகலை முடித்த கையோடு நிரந்தர வேலை கிடைக்காது. பெரும்பாலும் அகழாய்வுப் பருவத்தில் ஒப்பந்த வேலைதான், பருவம் முடிந்தால் வீட்டில் இருக்க வேண்டும். தொல்லியல் அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுப்பார்கள், இடங்கள் குறைவு, வருடா வருடம் அறிவிப்பும் வராது. முதுகலைக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பு இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறைக்கும் கிரேட்டர் நொய்டாவில் இரண்டு வருடப் படிப்பு உண்டு. 2020 அக்டோபரில் அதற்கு வந்த அறிவிப்பில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் படித்தவர்களுக்கு இடம் இருந்தது, தமிழுக்கு இல்லை. இங்கே எதிர்ப்பு கிளம்பி, அப்போதைய முதல்வர் பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் தமிழைச் சேர்த்தார்கள். உன்னைப் போலத் தமிழ் படித்து வருபவர்கள் அந்த இடங்களில் போய் உட்கார வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அதற்காக வீட்டுக் கஷ்டத்தை மறந்துவிடச் சொல்லவில்லை. அப்பாவிடம் பி.எட். வேண்டாம் என்று சொல்லாதே, முதுகலை முடித்துவிட்டுச் செய்கிறேன் என்று சொல்.

வைகைக்கரை:
அண்ணா, அப்பாவிடம் இன்று ராத்திரியே பேசுகிறேன். அக்கா, இன்னும் ஒன்று. சேர்வதற்கு முன்னால் இந்த நாலு மாதத்தில் நானாக எதையாவது பழகிக்கொள்ள முடியுமா?

மைப்படி:
தமிழ்ப் பிராமி எழுத்துகளை ஒரு நோட்டில் தினம் பத்துத் தடவை எழுது, அப்புறம் அதிலிருந்து வளர்ந்த வட்டெழுத்து. பக்கத்து ஊர்ப் பழைய கோவில் சுவரில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டு இருந்தால் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போ, எழுத்து தெளிவாகத் தெரியும். ஒரு வரி வாசிக்க முடிந்தாலும் போதும், இங்கே எழுது, சேர்ந்து பார்ப்போம். சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் கல்லில் தேய்த்துவிடாதே.