மருமகன் கனடா விமானப்படைப் பயிற்சியில்: அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

விசுவமடு மாமி:
தம்பியின் மகன் கனடா விமானப்படையில் சேர்ந்து இப்போது மூஸ் ஜோவில் விமானிப் பயிற்சி எடுக்கிறான். போன் எடுத்தால், "மாமி, பிறகு கதைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறான். போன கிழமை கதைத்தபோது, பறக்கையில் சத்தி எடுத்ததாகவும் அன்று புள்ளி குறைந்ததாகவும் சொன்னான். முகம் வாடிப்போயிருந்தது. நாங்கள் போர்க்காலத்தில் குண்டு போட வரும் கிபிர் ஜெட்டின் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் விழுந்து படுத்த சனம். உள்ளே இருந்து ஓட்டுகிறவன் என்ன பாடுபடுவான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவனுடைய அப்பம்மா, "பிள்ளையை வதைக்கிறாங்களோ" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அங்கே படித்த யாராவது இருந்தால் சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டானான்:
அக்கா, நான் அங்கே படித்தவன். இப்போது கனடாவின் ட்ரென்டன் தளத்தில் ஹெர்குலிஸ் என்ற சரக்கு விமானம் ஓட்டுகிறேன். வதைப்பதில்லை என்று அப்பம்மாவுக்குச் சொல்லுங்கோ. ஆனால் பிழிந்தெடுப்பார்கள்.

முதலில் போன் விஷயம். மூஸ் ஜோ இலங்கைக்கு 11½ மணித்தியாலம் பின்னால். நீங்கள் பின்னேரம் 6 மணிக்கு எடுத்தால் அவனுக்குக் காலை 6.30. காலைக் கூட்டத்துக்கு ஓடும் நேரம் அது. அங்கே வானிலை சொல்லி முடித்ததும் ஒரு மாணவனை எழுப்பி, "எஞ்சின் நின்றுவிட்டது, என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். அவசர நடைமுறையை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்க வேண்டும். தடுமாறினால் அன்று பறக்க விடாமலும் இருப்பார்கள்.

பறப்பது ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதற்கு முன் ஆசிரியரோடு நீண்ட விளக்கம். இறங்கிய பிறகு செய்த பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது. ஒவ்வொரு பறப்புக்கும் புள்ளி. இரவில் அறையில் நாளைய பறப்புக்குப் பழக வேண்டும். நான் ஹாவார்ட் என்ற பயிற்சி விமானத்தின் கருவிப் பலகைப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கதிரையில் இருப்பேன். கால்களுக்கு நடுவில் தும்புத்தடி, அதுதான் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக். எந்தக் கை எந்தச் சுவிட்சுக்குப் போகும் என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, கண்ணை மூடினாலும் கை பிசகாத மட்டும் செய்வேன்.

சத்திக்குப் பயப்பட வேண்டாம். விமானம் கரணம் அடிக்கும்போது கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இன்னொன்று சொல்லும். வயிறு பிரட்டும். அநேகம் பேருக்குப் பறக்கப் பறக்க அடங்கிவிடும்.

எனக்குக் கடினமாக இருந்தது ஜி விசைதான், அதாவது வேகமாகத் திரும்பும்போது உடம்பை அமுக்கும் பாரம்; 1 ஜி என்பது எங்கள் வழமையான எடை. இறுக்கித் திருப்பும்போது 4 ஜி வந்தால் 60 கிலோ ஆள் 240 கிலோ ஆகிறான். இரத்தம் காலுக்கு இறங்கி, பார்வை ஓரத்திலிருந்து சாம்பல் பூத்துச் சுருங்கிவரும். மயங்காமல் இருக்கத் தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று செக்கனுக்கு ஒருக்கா வெடுக்கென்று மாற்ற வேண்டும். அந்த நேரத்திலும் ஆசிரியர் கேள்வி கேட்பார். வெளியே மாரியில் மைனஸ் 30, உள்ளே உடுப்பு வியர்வையில் ஊறிக் கிடக்கும். இப்படி ஒரு நாள் போனால் யாருக்குத்தான் கதைக்க மனம் வரும்?

மாங்குளத்தான்:
எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலே இருந்து விழுந்ததைக் கண்ட ஊர் இது. எங்கள் பிள்ளையே அந்த இருக்கையில் இருப்பதா?

ஒட்டுசுட்டானான்:
அண்ணை, அந்தக் கேள்வி எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஹாவார்ட் முடிந்ததும் ஜெட், ஹெலி, பல எஞ்சின் விமானம் என்று பிரிப்பார்கள். விருப்பம் கேட்பார்கள், ஆனால் புள்ளியும் படையின் தேவையும் சேர்ந்துதான் முடிவாகும். நான் பல எஞ்சின் கேட்டேன், கிடைத்தது. ஏற்றி இறக்குவது ஆட்களும் சாமானும். ஜெட் என்று வந்திருந்தால் விலகியிருப்பேன். அவனிடமும் இதைக் கேளுங்கோ அக்கா, இப்போதே யோசித்து வைக்கட்டும்.

விசுவமடு மாமி:
கேட்கிறேன் தம்பி. சத்திக்கு இங்கே வைத்தியர் ஒரு சூரணம் தருவார், அனுப்பட்டோ?

ஒட்டுசுட்டானான்:
வேண்டாம் அக்கா. படை மருத்துவர் சம்மதிக்காத மருந்தை விமானி வாயில் வைக்கக்கூடாது. பயற்றம் பணியாரம் அனுப்புங்கோ. வெறும் வயிற்றோடு பறந்தால் இன்னும் பிரட்டும். போனை ஞாயிறு காலை 7 மணிக்கு எடுங்கோ. அவனுக்கு அது சனி இரவு 7.30, ஆறுதலாகக் கதைப்பான்.