ட்ரீட் தின்கிற நாய்க்கு நோயே வராதாமே!

மழைக்காகம்: 7 வயதுப் பெண் நாய் சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறது, என்ன காரணம் என்று ஒருவர் கேட்டிருந்தார். நாலுகால் சார் அருளிய வாக்கு: "ட்ரீட் கொடுத்தால் தின்கிறதா? அப்போது நோய் இல்லை, திமிர். 2 நாள் பட்டினி போடுங்கள்." எந்த ஊர் வைத்தியம் இது? உடம்பு சரியில்லாத நாயும் மணமான துண்டு என்றால் வாங்கித் தின்னும்.

நாலுகால்: நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நாய் வளர்க்கிறேன். தட்டை வைத்து 20 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். சாப்பிடவில்லையே என்று பதறி, மேலே ஏதாவது ருசியாகத் தூவினால், அடுத்த வேளை அதைவிட ருசியாகக் கேட்கும். பழக்கியது யார்? நாமே. ட்ரீட் தின்றதா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கறுப்பன்_அம்மா: எங்கள் கறுப்பனும் ட்ரீட் தின்றான். ஆனால் தட்டில் வைத்ததை வாயில் எடுப்பான், தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லப் பார்ப்பான், கீழே போட்டுவிடுவான். வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. உதட்டைப் பின்னால் இழுத்துப் பார்த்தபோதுதான் மேல் கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது தெரிந்தது. சின்ன ட்ரீட்டை மெல்லாமல் விழுங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

நாலுகால்: உலர்தீவனத்தையும்தான் பாதி நாய்கள் மெல்லாமல் விழுங்குகின்றன. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ட்ரீட் தின்றானே!

மழைக்காகம்: பல்லை விடுங்கள். குமட்டல் இருந்தால்? உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், எச்சில் விழுங்கும், தட்டருகே போய்த் திரும்பிவிடும். சிறுநீரகக் கோளாறு இப்படியும் தலைகாட்டும். செயல்திறனில் முக்கால்வாசி போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறும். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால், ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம். தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிக்கும். அங்கே உங்கள் 2 நாள் பட்டினி உயிருக்கே உலை வைக்கும்.

நாலுகால்: முகர்ந்துவிட்டுப் போன நாய்க்குக் கிட்னி, கர்ப்பப்பை, சீழ்! காதுச் சொட்டு மருந்து விவாதத்திலும் இப்படித்தான் ஊரைக் கூட்டினீர்கள். அப்புறம் ஆளையே காணோம்.

மழைக்காகம்: காணாமல் போனது நானா? செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் சொட்டு விடச் சொன்னது யார்?

நாலுகால்: அந்த நாய் இன்னும் நன்றாகக் குரைக்கிறது. காது கேட்கிறதா என்று நீங்களே போய்க் கேளுங்கள்.

வெயில்நிழல்: வெயில் காலத்தில் நாய்கள் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடும். எடை குறைந்திருக்கிறதா, வாந்தி உண்டா என்று யாராவது கேட்டீர்களா?

நாலுகால்: ட்ரீட் தின்கிறது. வேறென்ன கேட்க வேண்டும்?

புதியவன்: கேள்வி கேட்டது நான்தான். சண்டை வேண்டாமே. ஒன்று சொல்ல விட்டுப்போனது, மூட்டு வலிக்கு மாத்திரை கொடுத்து வருகிறோம். அதனால் இருக்குமா?

கறுப்பன்_அம்மா: இருக்கலாம்! வலி மாத்திரைகள் பல, வயிற்றைப் புண்ணாக்கும்; பசி குறைவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. அடுத்த வேளை கொடுக்கும் முன் மருத்துவருக்குப் போன் போடுங்கள். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மனிதர்களுக்கான இபுப்ரோஃபென் எதுவும் கொடுக்கவில்லையே?

புதியவன்: இல்லை, மருத்துவர் எழுதியதுதான்.

நாலுகால்: மாத்திரையை எதற்குள் வைத்துக் கொடுக்கிறீர்கள்?

புதியவன்: ட்ரீட்டுக்குள்.

நாலுகால்: தின்கிறதா?

புதியவன்: தின்கிறது.

நாலுகால்: இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

மழைக்காகம்: ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே பாதி நாய்கள் பிழைக்கும். காதுச் சொட்டு விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

நாலுகால்: மறுபடியும் காதா? அதற்குத் தனியாக வாருங்கள், பார்த்துக்கொள்கிறேன்.