வில்கோ ஜான்சனை நேரில் பார்த்த அனுபவம்

ஆங்கில ராக் கிதார் கலைஞர் வில்கோ ஜான்சனை நான் பார்த்தது அவருடைய கடைசி வருடங்களில், இங்கிலாந்தில் ஒரு சின்ன அரங்கில். மேடைக்கு மிக அருகில் இடம் கிடைத்ததால் அவர் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு டெலிகாஸ்டர் கிதார், அதில் சிவப்புத் தகடு. தந்தி மீட்டும் சின்னத் துண்டான பிக் கிடையாது. வெறும் விரல்களால் தந்திகளை அடிக்கிறார். ஒவ்வொரு அடி முடிந்ததும் இடது கைப் பிடியைச் சட்டென்று தளர்த்தி ஒலியை அடக்கிவிடுகிறார். அதனால் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், இழுபடாமல் நறுக்கென்று விழுகிறது, நடுவில் கிடைக்கும் இடைவெளியில் லீட் எனும் தனி மெட்டும் வந்துவிடுகிறது. இன்னொரு கிதார் வாசிப்பவர் எங்கே என்று கண் தானாகத் தேடியது. அப்படி யாரும் இல்லை. ஜானி கிட் அண்ட் த பைரட்ஸ் குழுவின் கிதார் கலைஞர் மிக் கிரீனைக் கேட்டுக் கேட்டு உருவாக்கிக்கொண்ட பாணி இது.

எஸ்ஸெக்ஸில் கான்வே தீவுக்காரர். ஆங்கில இலக்கியம் படித்து, தரைவழியாக இந்தியா வரை வந்து போய், கொஞ்ச காலம் பள்ளியில் பாடம் நடத்தி, அப்புறம் டாக்டர் ஃபீல்குட் என்ற ராக் குழுவில் சேர்ந்தார். அவர்களின் மேடைப் பதிவு ஆல்பமான ‘ஸ்டுப்பிடிட்டி’ 1976இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருடமே சண்டை வந்து வெளியேறினார். அவரைப் பார்த்து வேகம் பழகிய, பங்க் என்ற முரட்டு ராக் வாசித்த இளைஞர்களுக்குப் பெயர் வந்தது. இவர் பல வருடங்கள் சின்ன அரங்குகளிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

2009இல் டாக்டர் ஃபீல்குட் பற்றி ஜூலியன் டெம்பிள் எடுத்த ஆவணப்படத்துக்குப் பிறகுதான் கவனம் திரும்பியது. 2013இல் கணையப் புற்றுநோய் என்று அறிவித்தார். கீமோதெரபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசிக்கக் கிளம்பினார். ‘த ஹூ’ குழுவின் பாடகர் ரோஜர் டால்ட்ரியோடு ஒரே வாரத்தில் பதிவு செய்த ஆல்பம் 2014இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போனது. அதே வருடம் கேம்பிரிட்ஜில் மூன்று கிலோ கட்டியை அகற்றினார்கள். பிழைத்து, 2022 வரை இருந்தார்.

நோய் வந்ததால்தான் புகழ் வந்தது என்கிறார்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. செய்தி படித்துவிட்டு வந்த கூட்டம் ஒரு தடவையோடு நின்றிருக்குமே! அன்று எனக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர்களில் பலர் மறுபடி வந்தவர்கள். மேடையில் அவர் முறைத்த கண்ணோடு முன்னும் பின்னும் ஓடி, கிதாரைத் துப்பாக்கி மாதிரி எங்களை நோக்கி நீட்டியபோது எல்லோரும் கத்தினோம். 70 வயதை நெருங்கும் உடம்பு அது என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

கிதார் பழகுகிறவர்கள் ‘ஸ்டுப்பிடிட்டி’யை ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு கையையும் சேர்த்துக் கவனியுங்கள், அடக்குவதில்தான் பாதி வாசிப்பு இருக்கிறது.