532 லேசர்ல பார்த்தா கார்பன் நானோட்யூப் எல்லாமே மெட்டாலிக்னு வருதே, சாம்பிள் போச்சா?

ராத்திரி_லேப்:
ஹிப்கோ (கார்பன் மோனாக்சைடு வாயுல இருந்து செய்யற வகை) சிங்கிள் வால் நானோட்யூப் பவுடரை ஸ்லைடுல வெச்சு 532 நானோமீட்டர் லேசர்ல ராமன் (சிதறுற ஒளியை வெச்சு அதிர்வைப் பார்க்கிற முறை) எடுத்தேன், 246, 273 வேவ்நம்பர் கிட்ட ஆர்பிஎம் (ட்யூப் மூச்சு விடுற மாதிரி விரிஞ்சு சுருங்குற அதிர்வு) பீக் வருது, ஜி பேண்ட்ல (சுவர்ல கார்பன் பிணைப்பு இழுபடுற அதிர்வு) கீழ்ப்பக்க பீக் அகலமா ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. அப்படி வந்தா மெட்டாலிக்னுதானே படிச்சிருக்கோம். ஆனா மூணுல ஒரு பங்குதானே மெட்டாலிக், மிச்ச செமிகண்டக்டர் எல்லாம் எங்க போச்சு? நாளைக்கு கைடு கேப்பாரு 😭

கரித்துண்டு:
எங்கயும் போகல, அங்கயேதான் இருக்கு. இது ரெசொனன்ஸ் ராமன் ப்ரோ, லேசர் எனர்ஜி எந்த ட்யூபோட எலக்ட்ரானிக் ட்ரான்சிஷனோட ஒத்துப்போகுதோ அது மட்டும்தான் கத்தும், மத்ததெல்லாம் வாயே திறக்காது. ஹிப்கோல 532க்கு மாட்டுறது பெரும்பாலும் மெட்டாலிக். கட்டௌரா ப்ளாட்ல (ட்யூப் விட்டத்துக்கு எதிரா ட்ரான்சிஷன் எனர்ஜி போட்ட வரைபடம்) 532க்கு உரிய 2.33 ஈவி கிட்ட ஒரு கோடு போட்டு, 248ஐ உங்க வேவ்நம்பரால வகுத்தா வர்ற விட்டத்தை வெச்சுப் பாருங்க (அந்த 248 தனி ட்யூபுக்கு, பவுடருக்கு கொஞ்சம் மாறும்). 785 லேசர் இருந்தா அதுலயும் ஒண்ணு எடுங்க.

ராத்திரி_லேப்:
எடுத்துட்டேன்! ஜி பேண்ட் ஒல்லியாயிடுச்சு, ஆனா 267ல ஒரே ஒரு பீக் பூதம் மாதிரி நிக்குது. அப்ப அந்த ட்யூப்தான் நிறைய இருக்கா?

பழைய_போஸ்ட்டாக்:
அதுலதான் எல்லாரும் ஏமாறுறது, நானும் ஒரு சேப்டரே எழுதி கிழிச்சுப் போட்டேன். அது 10,2 ட்யூப் (அந்த ரெண்டு எண்ணும் ட்யூப் சுருட்டின விதத்தைச் சொல்றது). தனியா இருக்கும்போது அதோட ரெண்டாவது ட்ரான்சிஷன் 737 நானோமீட்டர் கிட்ட, கட்டா ஒட்டிக்கிட்டா எனர்ஜி இறங்கி 785கிட்ட வந்துடும், அதான் திடீர்னு பெருசாகுது. அந்த பீக் சொல்றது கட்டு கட்டா இருக்குன்னு, நிறைய இருக்குன்னு இல்ல.

எது எவ்வளவுன்னு வேணும்னா ஃபோட்டோலூமினசென்ஸ் (பிஎல், ஒளியை வாங்கி ட்யூப் திருப்பி விடுற ஒளி) மேப் போடுங்க, 2002ல ரைஸ் யுனிவர்சிட்டில செஞ்ச மாதிரி எஸ்டிஎஸ் (சோப்பு மாதிரி ஒரு பொருள்) கலந்த தண்ணில சோனிகேட் பண்ணி (அல்ட்ராசவுண்ட்ல கட்டைப் பிரிச்சு) அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி மேல நிக்கிறதை மட்டும் எடுங்க. கட்டுக்குள்ள ஒரு மெட்டாலிக் இருந்தாலும் எனர்ஜியை அது முழுங்கிடும், ஒளியே வராது. சாதா சிலிக்கான் டிடெக்டர் 1000 நானோமீட்டர் தாண்டினா படுத்துடும், இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் கேளுங்க.

கரித்துண்டு:
ஒண்ணு மறந்துடாதீங்க, பிஎல்ல மெட்டாலிக் தெரியவே தெரியாது, அதுக்கு ராமன்தான். பவரை குறைச்சு எடுங்க, சூடானா ஜி பேண்டே கீழ நகரும். சிலிக்கானோட 520.7 பீக்கை வெச்சு கேலிப்ரேட் பண்ணீங்களா?

ராத்திரி_லேப்:
...இல்ல. பண்ணிட்டு வரேன் 🙈