நண்பகலில் நின்றுவிடும் சோலார் இன்வெர்ட்டர்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல்களும், பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்து இயங்கும் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டரும் உள்ளன. காலையில் ஒழுங்காக ஓடும் இன்வெர்ட்டர், உச்சி வெயில் நேரத்தில் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' (மின்வாரிய லைனில் வோல்டேஜ் அதிகம்) என்று காட்டி நின்றுவிடுகிறது. சில நிமிடங்களில் தானாகவே இணைந்து, மறுபடியும் நிற்கிறது. அப்போது திரையில் 257 வோல்ட் வரை தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது மட்டும் வோல்டேஜ் இறங்கி, உற்பத்தி தடையின்றி நடக்கிறது.

இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை சுமார் 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டிருக்கிறார்கள். முழு உற்பத்தியில் 13 ஆம்பியர் பாயும்போது, ஒயரின் மின்தடையால் மட்டும் இன்வெர்ட்டர் முனையில் ஏறத்தாழ 6 வோல்ட் கூடும் என்றும், 6 சதுர மில்லிமீட்டர் ஒயராக மாற்றினால் அது 2.5 வோல்ட்டுக்குள் அடங்கும் என்றும் கணக்கிட்டிருக்கிறேன்.

இந்த மாற்றம் மட்டும் போதுமா, அல்லது டிரான்ஸ்பார்மரிலேயே டேப் (வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) குறைக்கச் சொல்லி மின்வாரியத்தில் மனு கொடுக்க வேண்டுமா? பொருத்தியவர், இன்வெர்ட்டர் செட்டிங்கில் அது நின்றுவிடும் வோல்டேஜின் உச்ச வரம்பை உயர்த்தித் தருவதாகச் சொல்கிறார். அது நோயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரைத் திருத்துவது போலத்தான் எனக்குப் படுகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் அதே வோல்டேஜில்தானே ஓட வேண்டும்? இதே சிக்கலைச் சந்தித்தவர்கள், மீட்டர் முனை, இன்வெர்ட்டர் முனை இரண்டிலும் அளந்த வோல்டேஜையும், எந்த மாற்றத்தால் சரியானது என்பதையும் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.